பரீட்சை எதற்கு என்று கேட்டேன்

1

எங்கள் ஆலையின் சாப்பாட்டு அறைக் கதவில் போன வசந்தத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். உற்பத்தி வரிசையில் வேலை செய்யும் எல்லோரும் வேலைத்திறன் தேர்வு ஒன்று எழுத வேண்டும், கணினியில். வேலையிடத்துக் குறிப்புகளைப் படித்துப் புரிந்துகொள்வது ஒரு பகுதி, வேலைக்கான கணக்கு ஒரு பகுதி, அட்டவணையும் வரைபடமும் பார்த்துப் பதில் சொல்வது இன்னொரு பகுதி. நாடு முழுக்க எத்தனையோ ஆலைகளில் இதே தேர்வைத்தான் வைக்கிறார்களாம். அடியில் தடித்த எழுத்தில் “இதனால் யாருடைய வேலைக்கும் பாதிப்பு வராது” என்று போட்டிருந்தது. அதுவரை சாதாரணமாகப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த வரியில்தான் கண் நின்றது. யாருமே கேட்காதபோது எதற்காகச் சொல்கிறார்கள்?

நான் குன்னூர்க்காரி. கனடாவின் நடுவில், மேடு என்று ஒன்று கண்ணில் படாத ஒரு சமவெளி ஊருக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. உருளைக்கிழங்கைச் சீவிப் பொரித்து உறையவைத்துப் பையில் அடைக்கும் ஆலையில் வேலை. ஓடுகிற பட்டையில் வரும் கிழங்கில் கறுத்ததையும் அழுகியதையும் பொறுக்கி எறிய வேண்டும். ஊட்டிக் கிழங்கு மூட்டை மூட்டையாய் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவள், பி.காம். படித்துவிட்டு, கடல் தாண்டி வந்து கிழங்கே பொறுக்குகிறாள் என்று ஊரில் சிரித்தால் சிரிக்கட்டும். கணவர் கதிர்வேல் லாரி ஓட்டுகிறார்; வாரத்தில் பாதி நாள் சாலையில்தான். மகள் யாழினி பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில் இருக்கிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன்.

என் பெயர் சாந்தாமணி. ஆலையின் அடையாள அட்டையில் முதல் பாதி மட்டும்தான் இருக்கிறது. டிசம்பர் வந்தால் “சான்டா, எங்கள் பரிசு எங்கே?” என்பார்கள். முதல் வருஷம் சிரிப்பு வந்தது.

அறிவிப்பு ஒட்டிய மறுநாள், மனிதவள அலுவலகத்தில் இருக்கும் ஹெதரிடம் போனேன். என் வயதுக்காரி, எப்போதும் சிரித்த முகம். கதவைத் தட்டி, “ஐ ஹேவ் எ டவுட்” என்றேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கம்பெனியின் நோக்கத்தில் எனக்கு என்ன சந்தேகம், யாராவது ஏதாவது சொன்னார்களா என்று நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டாள். நான் தடுமாறி, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று வெளியே வந்தேன். கேட்கப் போனதைக் கேட்கவே இல்லை.

சாயங்காலம் யாழினி தலையில் அடித்துக்கொண்டாள். “அம்மா, இங்க டவுட் இருக்குன்னா நீ அவங்களை நம்பலைன்னு அர்த்தம். கொஸ்டின் இருக்குன்னு சொல்லணும்.”

நமக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான். வகுப்பில் கை தூக்கிக் கேட்பதும் சந்தேகம், பக்கத்து வீட்டுக்காரர் மேல் வருவதும் சந்தேகம். நான் எந்தச் சந்தேகத்தோடு ஹெதரிடம் போனேன் என்று யோசித்துப் பார்த்தால், அவள் நிமிர்ந்து உட்கார்ந்தது ஒன்றும் தப்பில்லை.

2

இந்தப் பயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியும். கோத்தகிரி சாலையில் இருந்த ஒரு தேயிலை பேக்டரியிலிருந்து வந்தது.

அப்பா அன்னூர்ப் பக்கத்திலிருந்து மலை ஏறியவர். அந்த பேக்டரியில் மெக்கானிக். நாங்கள் அதன் கீழேயே, தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் இருந்தோம். பச்சைத் தேயிலை வாடுகிற வாசனை துணிமணியிலெல்லாம் இருக்கும். நான் எட்டாவது படித்தபோது, முதலாளியின் மகனோடு வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒவ்வொருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டு, உங்களுக்கு என்னென்ன வேலை தெரியும் என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள். நாற்காலி போட்டு, டீ கொடுத்து.

அப்பாவுக்கு அப்படி யாரும் கேட்டதே இல்லை. “எல்லாந் தெரியுமுங்க. பாய்லர் பாப்பேன், ரோலர் ஓட்டுவேன், டிரையர் பெல்ட் அந்து போனா நானே போட்டுருவேனுங்க” என்று சொல்லியிருக்கிறார். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அதை அப்படியே நடித்துக் காட்டினார். வந்தவர்களில் ஒருவர் கையைப் பிடித்துக் குலுக்கினாராம்.

அடுத்த மாதம் பாய்லர் பார்த்த ராஜு மாமாவையும் ரோலர் ஓட்டிய போஜனையும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இருக்கிற ஆளே மூன்றையும் பார்த்துக்கொள்வார் என்றார்களாம்.

அம்மா அடுப்படியிலிருந்தே கேட்டாள். “ரெண்டைத் தெரியாதுன்னு சொல்லியிருந்தா என்னவாம்?”

“தெரிஞ்சதை எப்படிப் புள்ளே தெரியாதுங்கறது?”

“எதுக்குக் கேக்கறீங்கன்னாவது மொதல்ல கேட்டிருக்கோணும்.”

ராஜு மாமாவின் மனைவி எங்கள் வாசல் குழாயை விட்டு, மேல் லைன் குழாய்க்குத் தண்ணீருக்குப் போக ஆரம்பித்தார். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த ஏற்றத்தில் ஏறிப் போவதை அப்பா வாசலில் நின்று பார்ப்பார். பிறகு உள்ளே வந்துவிடுவார். பள்ளிக்கூட விடுமுறை முடிவதற்குள் அவர்கள் வீட்டைக் காலிசெய்து திருப்பூர் போனார்கள். அதன் பிறகு அப்பா தன் வேலையைப் பற்றி வீட்டில் பெருமையாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

இதையெல்லாம் என்னோடு சேர்ந்து பார்த்தவர் என் அண்ணன் செந்தில். கேள்வி கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம் வந்தது. அவருக்கோ, மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. இப்போது குன்னூரில் வேறொரு தேயிலை பேக்டரியில் ஆபீசராக இருக்கிறார். நல்ல மனிதர். அதையும் சொல்லிவிட வேண்டும்.

3

ஆலையில் பரீட்சைப் பேச்சு நாளுக்கு நாள் வளர்ந்தது. ஃபெயிலானால் அனுப்பிவிடுவார்கள் என்றார்கள். புது முதலாளி வந்திருப்பதால் ஆள் குறைப்பு என்றார்கள். வரிசையில் எனக்கு எதிரே நிற்கும் பிலிப்பைன்ஸ்காரி ரோஸ், இயந்திரச் சத்தத்துக்கு நடுவே என் காதருகே வந்து, “கார்ல்கிட்ட மட்டும் வாயைத் திறக்காதே” என்றாள்.

கார்ல் எங்கள் வரிசையின் மூத்த ஆள். இந்த ஊரிலேயே பிறந்தவர், அறுபதை நெருங்கியவர். ஆலை தொடங்கிய காலத்திலிருந்து இருக்கிறார் என்பார்கள். அதிகம் பேசமாட்டார். ஆனால் ஏதாவது அறிவிப்பு ஒட்டிவிட்டால் போதும், அதற்கு முன்னால் காப்பிக் கோப்பையோடு நிற்பார். யாராவது பக்கத்தில் வந்தால், “இதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்பார். கேட்டுவிட்டுத் தன் கருத்தைச் சொல்லமாட்டார். தலையை மட்டும் ஆட்டுவார். மேற்பார்வையாளர்களோடு தாராளமாகப் பழகுவார். இப்படிப்பட்ட ஆளை எங்கள் ஊர் பேக்டரியில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? துரையின் காது.

பரீட்சை அறிவிப்புக்கும் அப்படித்தான் வந்து நின்றார். “நீ என்ன நினைக்கிறாய், சான்டா?”

“நல்ல விஷயம்தான்” என்றேன். “எல்லோருக்கும் நல்லது.”

“எப்போது?”

தேதி கண்ணுக்கு நேரே, பெரிய எழுத்தில் இருந்தது. என்னைப் பேச வைத்துப் பார்க்கிறார் என்று நினைத்தேன். “அதில் இருக்கிறதே” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

கம்பெனி கொடுத்த மாதிரித் தேர்வை வீட்டில் யாழினியோடு செய்து பார்த்தேன். கணக்கு சுலபம். அட்டவணையும் பரவாயில்லை. குறிப்பைப் படித்துப் பதில் சொல்கிற பகுதியில்தான் திணறினேன். மேலாளர் ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறார், அதில் ஓர் இடம் தெளிவாக இல்லை, ஊழியர் முதலில் என்ன செய்ய வேண்டும்? நான்கு விடைகள். மேலாளரிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்பது அதில் ஒன்று. இதை அமுக்கினால் இவள் கேள்வி கேட்கிற ஆள் என்று குறித்துக்கொள்வார்களோ? உடனே வேலையைத் தொடங்க வேண்டும் என்பதை அமுக்கினால், கண்ணை மூடிக்கொண்டு செய்கிறவள் என்பார்களோ?

“அம்மா, இது பரீட்சை. பொறி இல்லை” என்றாள் யாழினி.

பிறகு கணக்குப் பகுதியில் நான் வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாக அமுக்கியதைக் கண்டுபிடித்துவிட்டாள். விடையை வாய்க்குள் சரியாக முணுமுணுத்துவிட்டு வேறு கட்டத்தைத் தொட்டிருக்கிறேன்.

“ஏன் அப்படிப் பண்ணே?”

“ரொம்ப நல்லா எழுதினாலும் ஆபத்துடா கண்ணு. நடுவுல இருந்துக்கணும்.”

அவள் என்னை ஏதோ பார்வை பார்த்தாள். நான் தாத்தா கதையைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டாள். கேட்டு முடித்து, ஆங்கிலத்தில், அது முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை, அதுவும் வேறு நாடு என்றாள். மாடிப்படி ஏறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்த நாட்டில் எல்லாம் சொன்னபடி நடக்கும் என்று அவள் நம்புகிறாள். நம்பட்டும் என்றுதான் கூட்டிவந்தோம். அது நடந்துவிட்டதைப் பார்க்கும்போது மட்டும் ஏனோ என்னைத் தனியாக விட்டுவிட்ட மாதிரி இருக்கிறது.

அந்த வாரம் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“உனக்கென்ன அம்மிணி, பி.காம். படிச்சவ. பாஸாயிருவே.”

“பாஸாறது இருக்கட்டுங்கண்ணா. எதுக்கு வெக்கறாங்க?”

“சும்மா, ரெக்கார்டுக்கு.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கொஞ்சம் இழுத்தார். “நாங்களும் இங்க வெக்கலாம்னு இருக்கறோம். வெளிநாட்டுல வாங்கறவங்க கேக்கறாங்க, உங்க ஆளுகளுக்கு என்ன திறமை இருக்குதுன்னு.”

“வெச்சு, மார்க்கை என்ன பண்ணுவீங்க?”

“வெச்சுக்குவோம்.”

மேற்கொண்டு நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அண்ணி போனை வாங்கி மழையைப் பற்றியும் பலாப்பழத்தைப் பற்றியும் பேசினார்.

4

பரீட்சை, ஆலையின் பயிற்சி அறையில் நடந்தது. வெளியிலிருந்து ஓர் இளைஞர் வந்திருந்தார். செல்போன்களை வாங்கி ஒரு கூடையில் போட்டார். அடுத்தவர் திரையைப் பார்த்தால் தேர்வு ரத்து என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ரோஸ் முன் வரிசையில் உட்கார்ந்தாள். எனக்கு இடது பக்கத்தில் கார்ல்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை நாற்காலி இருக்க இங்கே ஏன் வந்து உட்கார்கிறார்? நான் என் நாற்காலியைக் கொஞ்சம் வலப்பக்கம் இழுத்துக்கொண்டேன்.

முதல் பகுதியில் பாதி தூரம் போயிருப்பேன். பக்கத்தில் சீரான சத்தம் கேட்டது. கொஞ்சம் இடைவெளி, ஒரு கிளிக். அதே இடைவெளி, இன்னொரு கிளிக். யாரும் அவ்வளவு ஒழுங்காகப் படிக்க முடியாது. நான் ஒரு குறிப்பை மூன்று தரம் படித்துக்கொண்டிருக்க, இவர் கடிகாரம் மாதிரி போகிறார். இவருக்கு விடைகளை முன்னாலேயே கொடுத்துவிட்டார்கள், அதுதான் விஷயம் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் திரும்பிப் பார்த்தேன்.

அவர் திரையில் இருந்தது ஆங்கிலம் இல்லை. தலைகீழாகப் போட்ட கேள்விக்குறிகளும், எழுத்துகளுக்கு மேலே சின்னச் சின்ன வளைவுகளுமாய் ஸ்பானிய மொழி. ஆலையில் வேலை செய்யும் மெக்சிகோக்காரர்களுக்காக, தொடக்கத்தில் மொழியைத் தேர்ந்தெடுக்க ஒரு பக்கம் இருந்தது. அதில் எதையோ அமுக்கியிருக்கிறார். அமுக்கிவிட்டு, வேறு மொழி ஓடுகிறது என்பதே தெரியாமல், கண்ணை வரிக்கு வரி இடமிருந்து வலமாக நகர்த்தி, நடுநடுவே தலையை ஆட்டி, ஒரு கட்டத்தைத் தொட்டு, அடுத்த பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். நெற்றி முழுக்க வேர்வை.

எனக்குப் புரிய ஒரு விநாடி பிடித்தது.

குன்னூரில் ஒரு பெரியவர் பஸ் ஸ்டாண்டில் போர்டுக்கு அடியில் நின்று, “ஏனுங்க, இந்த பஸ்ஸு எங்கீங்க போவுது?” என்று கேட்டால் அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது கேட்ட உடனே தெரியும். பதில் சொல்லிவிட்டுப் போவோம். அதில் அவருக்கும் வெட்கமில்லை, நமக்கும் விசேஷமில்லை. இங்கே ஒரு வெள்ளைக்காரர் வருஷக்கணக்காக அறிவிப்புக்கு அடியில் நின்று அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒற்றன் என்று நினைத்தேனே தவிர, இது ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. இங்கே பிறந்தவருக்கு, அந்த நிறத்துக்காரருக்கு, எழுத்து தெரியாமல் இருக்கும் என்று நினைக்கவே என் புத்திக்கு எட்டவில்லை.

நான் கையைத் தூக்கினேன். “இவர் கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு. மொழி மாறிப்போயிருக்கிறது. முதலிலிருந்து தொடங்கிக் கொடுங்கள்” என்றேன். கோளாறு என்ற சொல்லைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

இளைஞர் வந்து பார்த்தார். கார்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நீங்கள் அவர் திரையைப் பார்த்தீர்களா?”

5

எங்கள் இருவரையும் ஹெதரின் அறையில் உட்கார வைத்தார்கள். என் பரீட்சையைப் பாதியில் மூடிவிட்டார்கள். வேலை போய்விட்டால் கதிர்வேலிடம் எப்படிச் சொல்வது, அவர் எந்தச் சாலையில் இருக்கிறாரோ என்று என் யோசனை அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

“பார்த்தது உண்மையா?” என்றாள் ஹெதர்.

“உண்மை.”

“ஏன்?”

“மொழி தப்பாக இருந்தது.”

“அதைப் பார்த்த பிறகுதானே தெரியும்? பார்த்தது ஏன்? மொழி தப்பாக இருந்தால் கார்லே சொல்லியிருப்பாரே.”

இதற்கு என்ன பதில் சொல்ல? இவர் விடையை முன்னாலேயே வாங்கிவிட்டார் என்று சந்தேகப்பட்டுப் பார்த்தேன் என்று சொல்லலாம், அது நிஜம். அதற்குமேல் சொல்லத் தொடங்கினால் அவருடைய விஷயம் வெளியே வந்துவிடும். நான் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கார்ல் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். ஹெதரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“எனக்குப் படிக்கத் தெரியாது. அது ஸ்பானிஷா இங்கிலீஷா என்று எனக்கு எப்படித் தெரியும்? இவள் எனக்கு உதவி செய்தாள்.”

ஹெதர் அவரை இத்தனை வருஷமாகத் தெரிந்தவள். அவள் அப்பாவும் இதே ஆலையில் கார்லோடு வேலை பார்த்தவராம்.

“எப்படி, கார்ல்? இத்தனை வருஷம்?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“கேட்டுக் கேட்டுத்தான்” என்றார்.

என் பரீட்சையை மறுநாள் தனியாக எழுத விட்டார்கள், அந்த இளைஞர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க. அன்று எல்லாவற்றுக்கும் தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதினேன். நடுவில் இருந்துகொள்ள வேண்டும் என்று அத்தனை நாள் திட்டம் போட்டவள்தான். கார்ல் சொன்னதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பிறகு, தெரிந்ததைத் தெரியாது என்று அமுக்க விரல் வரவில்லை.

மார்க் வந்தது. நல்ல மார்க். எதற்கு அந்த மார்க் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. எங்கள் வரிசையின் கடைசியில் பிளாஸ்டிக் திரை கட்டி, உள்ளே ஏதோ பூட்டுகிறார்கள். அழுகிய கிழங்கைத் தானே பார்த்துத் தள்ளுகிற இயந்திரம் என்கிறாள் ரோஸ். இருக்கலாம்.

கார்லை வரிசையிலிருந்து எடுத்து, லாரி நிற்கும் முற்றத்தைக் கூட்டச் சொல்லிவிட்டார்கள். எச்சரிக்கைப் பலகையைப் படிக்கத் தெரியாதவரை இயந்திரத்தின் பக்கத்தில் விட முடியாது, பாதுகாப்பு விதி என்றார்கள். முப்பது வருஷம் ஒரு விரல்கூடக் கீறாமல் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவர். சம்பளத்தைக் குறைக்கவில்லை. ஆகவே யாருடைய வேலைக்கும் பாதிப்பு வராது என்று கதவில் ஒட்டியது பொய் என்று சொல்லவும் முடியாது.

ஒருநாள் முற்றத்தில் பார்த்தபோது மன்னிப்புக் கேட்டேன். நான் கையைத் தூக்காமல் இருந்திருந்தால் அவர் எப்படியோ அமுக்கி முடித்திருப்பார் என்றேன்.

“முடித்திருப்பேன்” என்றார். துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். “என் மனைவிக்குக்கூடத் தெரியாது, சான்டா. அன்று வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் தெரியும் என்றாள்.”

இப்போது சாப்பாட்டு இடைவேளையில் அவர் உள்ளே வந்து, கதவில் புதிதாக எது இருந்தாலும் நேராகவே கேட்கிறார். “என்ன போட்டிருக்கிறது?” நான் வாசிப்பேன். என் உச்சரிப்பில் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். ஆனால் இரண்டு மூன்று பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்பதையும் கவனித்திருக்கிறேன். அவர்களில் ஒருவர், இதே ஊரில் பிறந்த இளைஞர், ஒரு முறைகூட அறிவிப்புப் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

6

போன சனிக்கிழமை சாயங்காலம் அண்ணனை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னலோரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். கார்லின் கதையைக் கேட்டு, “அடப் பாவமே, வெள்ளைக்காரன்லயும் அப்படி இருக்கறானா?” என்று வியந்தார்.

“உங்க பேக்டரியில பரீட்சை வெச்சாச்சுங்களாண்ணா?”

“அடுத்த மாசம்.”

“படிக்கத் தெரியாதவங்க எத்தனை பேரு இருக்காங்க?”

“இங்கயா? யாருமில்ல. எல்லாரும் கையெழுத்துப் போடறவங்கதான்.”

“கையெழுத்து போடறதை நான் கேக்கலீங்கண்ணா. கேள்வியை ஒருத்தர் சத்தமா வாசிச்சுக் காட்டுனா போதும். தமிழ்ல ஒருக்கா, படுகர் ஆளுகளுக்கு அவங்க பாஷையில ஒருக்கா. வேலை தெரிஞ்சவங்க சொல்லிருவாங்க.”

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். சிரித்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைப் பார்த்தேன்.

“ஏனம்மிணி, உங்கிட்ட யாராச்சும் பேசுனாங்களா?”

“யாருங்கண்ணா?”

“இங்கிருந்து. யூனியன்காரங்க யாராச்சும் நம்பர் வாங்கிப் பேசுனாங்களா?”

“என்கிட்ட யாரு பேசப் போறாங்க? நானாத்தான் சொல்றேன்.”

“அங்க உக்காந்துட்டு உனக்கெதுக்கு இது?”

“அந்த மார்க்கை வெச்சு என்ன பண்ணுவீங்கன்னு நீங்க இன்னும் சொல்லலீங்களே.”

அவர் போனை முகத்துக்கு அருகே கொண்டுவந்தார். “மழை புடிச்சுக்கிச்சு கண்ணு. டவர் போயிரும். அப்பறம் கூப்புடறேன்” என்றார்.

அவருக்குப் பின்னால் ஜன்னலில், எதிர்ச் சரிவுத் தேயிலையெல்லாம் மின்ன, நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.